வணிகக் கல்வியும் நம் நிய்யத்தும்



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவருகின்ற நாட்களில், நம் கடைகளில் சரக்கின் விலையைக் காட்டிலும் பிள்ளைகளின் மேற்படிப்பே அதிகமாகப் பேசப்படுகிறது. ஜும்ஆ முடிந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வாசலில் நிற்கின்ற தகப்பன்மார்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்ற கேள்வி இதுதான்: "பையனை பிசினஸ் படிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் காலேஜ் நல்ல காலேஜ், பாய்?"

கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் வியாபாரிகளாகிய நாம் வேறு எந்தக் கொள்முதலிலும் இப்படிக் கேட்பதில்லை. அரிசி மொத்த வியாபாரியிடம் போய், "எது நல்ல அரிசி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணி வைப்பவர் நம்மில் யாருமில்லை. பிரியாணிக்கா, நாசி கண்டாருக்கா, இட்லி மாவுக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகே மூட்டையைக் குத்திப் பார்க்கிறோம். இட்லிக்குரிய அரிசி பிரியாணிக்கு ஆகாது. அது அந்த அரிசியின் குற்றமுமன்று. ஒரு மூட்டை அரிசிக்குக் காட்டுகின்ற இந்த விவேகத்தை, பல்லாயிரம் வெள்ளியும் பிள்ளையின் வாலிபத்தில் மூன்று நான்கு ஆண்டுகளும் செலவாகின்ற காரியத்தில் நாம் ஏன் காட்டுவதில்லை?

மதரஸாவையும் தொடக்கப் பள்ளியையும் தாண்டாத ஒரு கடைக்காரனுக்குக் கல்லூரிகளைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். கல்லூரிகளுக்கு மதிப்பெண் போட நான் வரவில்லை. எதற்காக வாங்குகிறோம், யாருக்காக வாங்குகிறோம், யாருடைய பணத்தில் வாங்குகிறோம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க மட்டுமே வந்திருக்கிறேன். இவை கடைக்காரன் தினமும் கேட்கின்ற கேள்விகள். மார்க்கமும் இவற்றையே கேட்கிறது என்பது என் எண்ணம்.

கடையே பள்ளியாக இருந்த காலம்

நம் முன்னோர்களுக்கு வணிகக் கல்லூரி இல்லாமல் இல்லை. கடையே அவர்களுடைய கல்லூரி. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்துக் கரையோர ஊர்களிலிருந்தும் கப்பலேறி வந்த பையன், முதலில் கடையைக் கூட்டினான், பிறகு பொட்டலம் மடித்தான், தராசைப் பிடித்தான், கொள்முதலுக்கு உடன் சென்றான், கடைசியில்தான் கல்லாப்பெட்டிக்கும் பேரேட்டுக்கும் அருகே அமர்த்தப்பட்டான். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய செட்டியார்களிடமும் இத்தகைய படிகள் இருந்தன. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பின்பு மேலாளானான். அவர்களுடைய வட்டித் தொழில் நமக்கு ஆகாது என்றாலும், ஆளைத் தயார் செய்த அந்த முறையின் ஒழுங்கை மெச்சாமல் இருக்க முடியாது.

1801-ல் பள்ளிவாசலை நிறுவிய கப்பித்தான் காதர் முஹ்யித்தீன் அவர்கள் வணிகர். 1907-லிருந்து நடக்கின்ற ஹமீதியா உணவகமும், 1958-ல் பிட் தெருவில் தோன்றிய ஹபீப் நகைக்கடையும் தொடங்கப்பட்டபோது இந்தத் தீவில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-ல்தான் வந்தது. ஆகவே, "பட்டம் பெற்றா நம் பாட்டனார் கடை வைத்தார்?" என்று பெரியவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு.

ஓரளவுதான். ஏனெனில் கடை கற்றுக்கொடுக்க முடியாத பாடங்களைக் காலம் கொண்டுவந்துவிட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-ல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றிலும் விலகியபோது, தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருந்த எத்தனையோ சிறு வியாபாரிகள் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பழைய கடைவீடுகளின் மதிப்பு ஏறியது, வாடகையும் ஏறியது. 2011-ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டம் வந்தபின், நம்மவர்கள் அதிகமாக ஈடுபட்டுள்ள நாணயமாற்றுத் தொழிலை பாங்க் நெகாராவின் உரிமமும், வாடிக்கையாளரைப் பற்றிய பதிவேடுகளும் இல்லாமல் நடத்த முடியாது. 2015 ஏப்ரல் 1-ல் 6 சதவிகித ஜி.எஸ்.டி. வந்தது, ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று, 2018 ஜூன் 1-ல் அது பூஜ்யமாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. 2024 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் முறை பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது.

இந்த மாறுதல்களில் தடுமாறிய கடைகளுக்கு நாணயம் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. சட்டத்தையும் கணக்கையும் படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லாமல் போனதே குறை. கல்வி வேண்டாம் என்று சொல்கின்ற கடைக்காரர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெயர்ப்பலகை மயக்கம்

நிற்க. கல்வி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகே உண்மையான தொல்லை தொடங்குகிறது. எந்தக் கல்லூரி என்பதை நாம் எப்படி முடிவு செய்கிறோம்? பக்கத்துக் கடைக்காரர் மகன் அங்கே சேர்ந்தான் என்கிறோம். கட்டிடம் பெரிது என்கிறோம். வெளிநாட்டுப் பெயர் இருக்கிறது என்கிறோம். பெண் கேட்கப் போகும்போது சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்றும் சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். இவற்றுள் ஒன்றாவது அந்தப் பையன் நாளைக்குச் செய்யப்போகும் வேலையைப் பற்றியதா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை நாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். பக்தாதிலிருந்த நிஜாமிய்யா, அக்காலத்தில் இஸ்லாமிய உலகின் மிகப் புகழ் பெற்ற கல்விச்சாலைகளுள் ஒன்று. 1091-ல் அதன் தலைமை ஆசிரியப் பதவி அவர்களுக்குக் கிடைத்தது. அதைவிட உயர்ந்த பெயர்ப்பலகை அன்று இல்லை. 1095-ல் அவர்கள் அதை விட்டு வெளியேறினார்கள். காரணத்தை அவர்களே தம் நூலில் எழுதி வைத்தார்கள்: தாம் போதிப்பது அல்லாஹ்வுக்காகவா, அந்தஸ்துக்கும் புகழுக்குமாகவா என்று தம் உள்ளத்தைச் சோதித்தபோது, கிடைத்த விடை அவர்களை அஞ்சச் செய்தது. சுமார் 11 ஆண்டுகளுக்குப் பிறகு நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் போதிக்கச் சென்றார்கள். அதே போதனைத் தொழில், அதே பெயருடைய கல்விச்சாலை. நிய்யத்து மட்டுமே வேறு.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், கல்விச்சாலையின் சிறப்பு அதில் நுழைபவனின் நோக்கத்துக்கு ஈடாகாது என்பதே. புகாரி ஷரீபின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒளூவுக்கு நிய்யத்து வைக்கக் கற்றுக்கொடுத்த நாம், 4 ஆண்டுப் படிப்புக்கு நிய்யத்து வைக்கக் கற்றுக்கொடுக்க மறந்துவிடலாகாது.

நோக்கமில்லாத சாமர்த்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகமே பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி 1908-ல் தொடங்கப்பட்டது. அதன் பெயரை அறியாதார் இல்லை. அங்கே பட்டம் பெற்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங் என்பவர், என்ரான் என்ற மாபெரும் கம்பெனியின் தலைமை நிர்வாகியானார். கணக்கில் கடனை மறைத்து லாபத்தைப் பெருக்கிக் காட்டிய அந்தக் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலாயிற்று. வேலைக்காரர்கள் பலர் முதுமைக்கென்று சேர்த்ததை இழந்தார்கள். 2006-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்று தீர்த்தது. ஹார்வர்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று யாரும் குறை கூற முடியாது. 2009-ல் அக்கல்லூரியில் பட்டம் பெற்றவர்களே கூடி, நேர்மையாகத் தொழில் புரிவோம் என்று ஓர் உறுதிமொழியை எழுதிக்கொண்டார்கள். நிய்யத்தின் அவசியம் அவர்களுக்கும் புலப்பட்டது போலும்!

கட்டாயக் கல்வி எது?

கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் கல்வியை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் மீதும் கடமையானது ஃபர்ளு ஐன். ஊரில் சிலராவது கற்றால் மற்றவர் பொறுப்பு நீங்கும், ஒருவரும் கற்காவிட்டால் அனைவரும் குற்றவாளிகள் என்பது ஃபர்ளு கிஃபாயா. கல்லூரி தேடுகின்ற தகப்பனாருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

வியாபாரிக்கு ஃபர்ளு ஐன் எது? அவன் செய்யும் வியாபாரத்தின் ஹலால் ஹராமை அறிவது. உமர் (ரலி) அவர்கள், மார்க்கச் சட்டம் விளங்காதவர் நம் சந்தையில் விற்கலாகாது என்ற கருத்தில் கட்டளையிட்டதாகத் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. சந்தைக்கு வாசல்படியில் வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு அது. குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து, அல்பகரா சூராவில் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு சூராவே இருக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். பழுதுள்ள துணியைப் பழுதைச் சொல்லாமல் கூட்டாளி மறதியாக விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்கள் சரித்திரம் கூறுகிறது. எந்தக் கல்லூரிக்கு அனுப்பினாலும், இந்தப் பாடத்தை அங்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன் வீட்டிலும் கடையிலும் இது முடிந்திருக்க வேண்டும்.

ஃபர்ளு கிஃபாயா எது? முஸ்லிம்கள் அனைவரும் சட்டக் கலையில் முண்டியடித்துக்கொண்டு, ஊருக்கு ஒரு மருத்துவர்கூட இல்லாமல் விட்டுவிடுவதைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கண்டித்தார்கள். இன்று நம் சமுதாயத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உணவகம் நடத்துபவர் பலர். அவர்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தருபவர் எத்தனை பேர்? குத்தகைப் பத்திரத்தைப் படித்துச் சொல்பவர் எத்தனை பேர்? வக்ஃபு சொத்தை நிர்வகிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முதலியவற்றின் வக்ஃபு நிலங்கள் சீராக நிர்வகிக்கப்படவில்லை என்றுதான், 1905-ல் காலனி அரசாங்கம் முஹம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டமே இயற்றி, வாரியத்தின் கையில் அவற்றை ஒப்படைத்தது. கொடை கொடுத்தவர்கள் நம்மவர்கள். அதைக் கணக்கோடு காக்கும் ஆள் நம்மிடம் போதுமான அளவு இல்லை. ஆகவே, வணிக நிர்வாகம் கற்பவன் தன் சம்பளத்துக்காக மட்டும் கற்கவில்லை. சரியான நிய்யத்தோடு கற்றால், ஊரின் கடமையை இறக்கி வைக்கிறான்.

குறிக்கோளுக்கேற்ற கல்லூரி

இனி நடைமுறைக்கு வருவோம். பிள்ளையின் குறிக்கோள் இன்னதென்று தெரிந்துவிட்டால், கல்லூரிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

கடையையே தொடர்ந்து நடத்தி விரிவாக்க விரும்புகிறவனை, மூன்றாண்டு கடையிலிருந்து பிரித்துத் தொலைதூரத்துக்கு அனுப்புவதில் லாபம் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கென்று பினாங்கிலேயே தோன்றியது வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம் வாலிபர்களில் பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. ஏப்பல் என்று அழைக்கப்படும் முறையில், 21 வயது நிறைந்தவர், தேர்வுத் தாள்கள் போதாவிட்டாலும், தம் தொழில் அனுபவத்தைச் சோதனையில் நிரூபித்துப் பட்டப்படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். கடையில் கழித்த ஆண்டுகள் வீணல்ல என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட முறை இது.

கம்பெனியில் உத்தியோகம் பார்க்க விரும்புகிறவனுக்கு வழி வேறு. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-ல் தொடங்கியது முதல், இத்தீவின் தொழிற்சாலைகளுக்குக் கொள்முதல், கிடங்கு, கப்பல் அனுப்புதல் ஆகியவற்றில் ஆட்கள் தேவைப்பட்டு வருகிறார்கள். மிண்டனிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நிர்வாகக் கல்வி உண்டு. கெடா சிந்தோக்கில் 1984-ல் நிறுவப்பட்ட உத்தாரா பல்கலைக்கழகம் நிர்வாகக் கல்விக்கென்றே ஏற்பட்டது. இத்தகைய பிள்ளை, படிக்கும்போதே தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

கணக்காளராக விரும்புகிறவனுக்குப் பொதுவான வணிகப் பட்டம் மட்டும் போதாது. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். ஆகவே, அந்தப் பதிவுக்குச் செல்லும் பட்டமா, ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில் தேர்வா என்பதைப் பார்த்துச் சேர வேண்டும். இதைப் பாராமல் சேர்ந்து, பட்டம் பெற்றபின் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவது நேரத்துக்கும் பணத்துக்கும் நஷ்டம்.

வட்டியில்லாப் பொருளாதாரத்தில் நாட்டம் கொண்டவனுக்கு, பாங்க் நெகாரா 2005-ல் ஏற்படுத்திய இன்செய்ஃப் கோலாலம்பூரில் இருக்கிறது. 1983-ல் தோன்றிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. மதரஸாக் கல்வியையும் கணக்கையும் ஒருங்கே பெற்ற பிள்ளைக்கு இது ஏற்ற துறை.

எம்.பி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. அது சில ஆண்டுகள் வேலை பார்த்து, ஆட்களை நடத்தி, லாபமும் நஷ்டமும் கண்டவன், தான் செய்ததை நின்று சிந்திப்பதற்கான படிப்பு. பாங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோனும் கூடி 2015-ல் தொடங்கிய ஆசிய வணிகப் பள்ளி போன்ற இடங்கள் அத்தகையவருக்கே பயன்படும். நீச்சல் தெரியாதவனுக்கு அக்கரையைப் பற்றிய பாடம் எதற்கு?

தமிழகத்துக்கு அனுப்ப விரும்புவோரும் உண்டு. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951-ல் ஜனாப் ஜமால் முஹம்மது சாஹிப், ஜனாப் காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் முயற்சியால் எழுந்தது. அதே ஆண்டில் சென்னை புதுக் கல்லூரியும் தொடங்கிற்று. வணிகர் சமுதாயம் தன் பொருளைக் கொண்டு பிறர் பிள்ளைகளுக்கும் கல்வி கொடுத்ததற்கு இவை அடையாளங்கள். பெருமைப்படுவோம். எனினும், அங்கே பெறும் பட்டத்தை இங்கே எந்த வேலைக்கு ஏற்பார்கள் என்று விசாரித்த பிறகே பெட்டி கட்டுவோம்.

எங்கே சேர்ப்பதானாலும் நான்கு விஷயங்களை நேரில் பார்த்துவிடுங்கள். படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் மதிப்பெண்களையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே தகுதி உண்டா? கட்டணம் போக, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? மூன்றாண்டுக்கு முன் அங்கே படித்து முடித்தவர் இருவரையாவது கண்டு, இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்களா? விளம்பரத் தாள் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

எந்தப் பிள்ளைக்கு?

இங்கே ஓர் அநியாயத்தைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. சில வீடுகளில், இரவில் கடைக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பவள் மகள். ஒரு வெள்ளி வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிப்பவள் அவள். மேற்படிப்பு என்று வரும்போது, பணம் படிப்பில் பற்றில்லாத மகனுக்குப் போகிறது. அவன் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு வருகிறான். "பெண் பிள்ளைக்கு எதற்கு பிசினஸ்?" என்று கேட்பவர்கள், கதீஜா நாயகி (ரலி) அவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். தங்கள் முதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு வணிகம் அனுப்பியவர்கள் அவர்களல்லவா? மொராக்கோவின் ஃபாஸ் நகரில் 859-ல் கரவிய்யீன் கல்விச்சாலைக்கு அடித்தளமிட்டவர், தகப்பனார் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு அதைச் செய்த ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற வணிகர் மகள் என்று வரலாறு கூறுகிறது. நாட்டமும் ஆற்றலும் எந்தப் பிள்ளையிடம் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கே கல்வி. சரக்கு தேவைப்படும் கடைக்கு அனுப்பாமல், தேவைப்படாத கடைக்கு அனுப்பும் வியாபாரி உண்டா?

பணம் யாருடையது, வாழ்க்கை யாருடையது?

கடைசிக் கேள்வி, எல்லாவற்றிலும் கடினமானது. பணம் தகப்பனாருடையது, படிக்கப்போகும் வாழ்க்கை பிள்ளையுடையது. முடிவு யாருடையது?

"நான் முதல் போடுகிறேன், என் கடைக்கு அவன் திரும்ப வேண்டும்" என்று ஒரு தகப்பனார் சொன்னால், அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடை மூடப்பட்டால் தகப்பனாரின் பெயர் மட்டும் மறைவதில்லை; அங்கே வேலை பார்ப்பவர்களின் அடுப்பும், பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்கும் போய்க்கொண்டிருந்த கைராத்தும் நின்றுபோகின்றன. இது மெய்யான இழப்பு. ஆயினும் பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்து. அமானத்துப் பொருளை ஒப்படைத்தவன் விருப்பப்படி காக்கலாமேயன்றி, நம் முதலாக்கிக்கொள்ள முடியாது. பிள்ளைக்குச் செலவழிப்பது தகப்பன் கடமை. கடமையைச் செய்தவன் அதற்கு லாபப் பங்கு கேட்பது முறையன்று.

ஆகவே தகப்பனார் கேட்க வேண்டிய கேள்வி, "கடைக்கு வருவாயா, மாட்டாயா?" என்பதன்று. "தம்பி, இந்தப் படிப்பை முடித்துவிட்டுக் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போக நினைக்கிறாய்?" என்று கேட்கட்டும். "அத்தா, எனக்குக் கணக்குத் தணிக்கை வேலைதான் பிடித்திருக்கிறது. கடை என்னாகுமோ என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை" என்று அவன் மனம் திறக்கட்டும். இந்த இரண்டு வாக்கியங்கள் பேசப்படாததனால், எத்தனையோ பிள்ளைகள் அத்தாவின் மனத்தைப் புண்படுத்தக் கூடாதென்று விருப்பமில்லாத படிப்பில் சேர்ந்து, பணத்தையும் ஆண்டுகளையும் ஒருசேர இழக்கிறார்கள்.

பிள்ளைக்கும் கடமை உண்டு. தன் கட்டணம் எந்தக் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது என்பதை அவன் மறக்கலாகாது. நண்பர்கள் மத்தியில், "அத்தா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு, "கடை வைத்திருக்கிறார்" என்று தலைநிமிர்ந்து சொல்லத் தெரியாதவன் எந்த வணிகக் கல்லூரியிலும் வணிகம் கற்கவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை, செலவானது இவ்வளவு, கற்றது இவ்வளவு என்று அத்தாவிடம் ஐந்தொகை காட்டுவதும் அவன் மீது கடமை. குறிக்கோளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்பவன், அதற்குக் கணக்குக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் மார்க்க விதியை மறந்துவிடக் கூடாது. கல்வி என்ற நற்காரியத்துக்காக வட்டிக்கடன் வாங்கினால் அது ஹலாலாகிவிடாது. 1997-ல் ஏற்படுத்தப்பட்ட பி.டி.பி.டி.என். கடனில் ஆண்டுக்கு 1 சதவிகிதம் உஜ்ரா என்ற சேவைக் கூலி வாங்கப்படுகிறது. அதன் விவரங்களை ஆலிம்களிடமும் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிந்து வாங்குங்கள். வாங்கினால் திருப்பிக் கட்டுங்கள். அரசாங்கக் கடனும் கடன்தான். அதற்கும் மறுமையில் கணக்கு உண்டு. கடையின் சுழல்முதலை முழுவதும் உருவிக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு, சரக்கு தந்தவர்களைக் காக்க வைப்பதும் முறையன்று. அது அவர்களுடைய ஹக்கு.

அப்படியானால் கடை என்னாவது? கடைக்கு வாரிசு இரத்தத்தில்தான் பிறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 10, 15 ஆண்டுகளாக உங்களோடு நின்று, சரக்கையும் வாடிக்கையையும் அறிந்த நாணயமான வேலையாள் ஒருவர் இருக்கக்கூடும். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, லாபத்தில் இருவருக்கும் பேசிய பங்கு என்ற முளாரபா முறை நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக இருக்கிறது. அவரைப் பங்காளியாக்கி, எழுத்தில் வைத்து, கடையை வாழ வைக்கலாம். கணக்கு படித்த மகன் அந்தப் பங்கு ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் தணிக்கை செய்து தரட்டும். கடையும் நிற்கும், பிள்ளையும் தன் வழியில் நடப்பான், உழைத்தவனும் உயர்வான். இப்படிச் செய்ய முடியாத கடைகளும் இருக்கும். சில மூடத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளையின் வாழ்நாளைப் பிணையாக வைக்க நமக்கு உரிமை இல்லை.

சகோதரர்களே! அடுத்த முறை பள்ளிவாசல் வாசலில் எவரேனும், "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்று நம்மிடம் கேட்டால், உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டாம். "பிள்ளை எதற்காகப் படிக்க விரும்புகிறது, கேட்டீர்களா பாய்?" என்று நாம் திருப்பிக் கேட்போம். கேட்கவில்லை என்றால், வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்வோம். கல்லூரிகளின் விண்ணப்பத் தேதிக்கு இன்னும் அவகாசம் இருக்கும்போதே இந்தப் பேச்சு நடந்து முடிவது நலம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தூய நிய்யத்தையும், ஹலாலான சம்பாத்தியத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.